காணாமற்போன நாணயமும் விண்வெளியின் மெல்லிய வாயுவும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மறையுரையில் நாம் ஒரு கருத்தைச் சொன்னோம். "இந்த அண்டத்தில் இருக்கவேண்டிய சாதாரணப் பொருளில் ஏறத்தாழப் பாதியை அறிவியலாளர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மனித அறிவு நின்றுபோகும் அந்த இடத்தில் இறைவன் நிற்கிறார்" என்பதே அது. பலர் தலையசைத்தார்கள். திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "நல்லாச் சொன்னீங்க சாமி" என்று கைகூப்பிவிட்டுப் போனார். நமக்கும் மனநிறைவாகவே இருந்தது.

அண்மையில் இளைஞர் கூட்டத்தில், கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி எழுந்தான். "ஃபாதர், நீங்க அன்னைக்குப் பூசையில சொன்னீங்களே, அந்தக் காணாமப்போன பொருளைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அப்போ கடவுள் இப்ப எங்க நிக்கிறாரு ஃபாதர்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். உடனே பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. "அடுத்த கூட்டத்தில் பேசுவோம் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்து, நூல்களையும் கட்டுரைகளையும் தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்வதே இந்தச் சிந்தனையின் நோக்கம்.

காணாமற்போனது எது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். இங்கே நாம் பேசுவது 'இருண்ட பொருள்' என்று சொல்லப்படும் புதிரைப் பற்றி அல்ல. அது வேறு கதை. நம் உடலும், நாம் உண்ணும் சோறும், கடல்நீரும், விண்மீன்களும் எதனால் ஆனவையோ அந்தச் சாதாரணப் பொருளைப் பற்றியே பேசுகிறோம். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் ஆகியவற்றால் ஆன அணுக்கள் அவை. அண்டத்தின் மொத்த இருப்பில் இவை ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே.

இந்த 5 விழுக்காடு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அண்டத்தின் தொடக்க நிமிடங்களில் உருவான இலேசான தனிமங்களின் அளவிலிருந்தும், 1965ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பின்புல நுண்ணலைக் கதிர்வீச்சை நுணுக்கமாக அளந்ததிலிருந்தும் வந்தது. இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தந்தன. ஆனால் நம்மைச் சுற்றியுள்ள விண்மீன்களையும், விண்மீன் மண்டலங்களையும், கண்ணுக்கும் கருவிக்கும் தெரியும் வாயுவையும் கூட்டிப் பார்த்தபோது கணக்கு இடித்தது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது!

வரவுக் கணக்கு சரியாக இருக்கிறது, கையிருப்பு மட்டும் குறைகிறது என்றால் என்ன பொருள்? பணம் எங்கோ இருக்கிறது, நாம் பார்க்காத இடத்தில் இருக்கிறது என்பதே பொருள். அறிவியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். விண்மீன் மண்டலங்களைச் சூழ்ந்தும், அவற்றுக்கு இடையேயும், மிக மெல்லிய, மிகச் சூடான வாயுவாக அது பரவிக் கிடக்கவேண்டும் என்று கணித்தார்கள். எவ்வளவு மெல்லிய வாயு? நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகளை எண்ணினால் இருபத்தைந்து இலக்கங்களுக்கு மேல் எழுதவேண்டும். அண்டம் முழுவதும் சாதாரணப் பொருளைச் சமமாகப் பரப்பினாலோ, நான்கு கன மீட்டருக்கு ஓர் அணு என்ற அளவே வரும். அது ஒளி வீசாது. ஒளியை மறைக்கவும் செய்யாது. அதை எப்படிப் பார்ப்பது?

கண்ணிமைக்கும் முன்னே

2007ஆம் ஆண்டு, டங்கன் லோரிமர் என்ற வானியலாளரும் அவருடைய மாணவர் டேவிட் நார்கேவிக்கும், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 2001ஆம் ஆண்டில் பதிவுசெய்து வைத்திருந்த பழைய தரவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வானொலித் துடிப்பு தெரிந்தது. 5 மில்லி நொடிக்கும் குறைவான நேரமே நீடித்த துடிப்பு அது. அதாவது ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்குகூட இல்லை. ஆறு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் அந்தச் செய்தி பெட்டகத்தில் கிடந்திருக்கிறது.

இத்தகைய துடிப்புகளுக்கு 'ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட்' என்று பெயர். 'அதிவேக வானொலி வெடிப்பு' என்று நாம் சொல்லலாம். தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் இவை, சூரியன் பல நாட்களில் வெளியிடும் ஆற்றலை மில்லி நொடிகளில் கொட்டிவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளி மண்டலத்திலேயே ஒரு மேக்னடாரிலிருந்து, அதாவது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட இறந்த விண்மீனிலிருந்து, இதே வகையான துடிப்பு வந்தது. எனவே இவற்றில் சிலவேனும் மேக்னடார்களிலிருந்து வருகின்றன என்று இன்று அறிகிறோம்.

தொடக்கத்தில் பலர் இதை நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அதே பார்க்ஸ் தொலைநோக்கியில் இதைப் போலவே தோன்றிய வேறு சில துடிப்புகளும் பதிவாகியிருந்தன. அவை பூமியிலிருந்தே வருவதாகத் தெரிந்தது; ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை. 2015ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. அங்கே பணிபுரிவோர் சாப்பாட்டைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது நிற்கும் முன்பே திறந்தபோது எழுந்த அலைகள் அவை! இந்த விளக்கத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்களும் வானியலாளர்களே. தங்கள் வேலையைக் கேலிக்கு உள்ளாக்கக்கூடிய உண்மையை அவர்கள் மறைக்கவில்லை. அடுப்பிலிருந்து வந்தவற்றைத் தனியே ஒதுக்கிய பிறகு, லோரிமர் கண்டது உண்மையிலேயே விண்ணிலிருந்து வந்தது என்பது முன்னிலும் உறுதியாயிற்று.

இதைப் படித்தபோது நம் மறையுரை நினைவுக்கு வந்தது. தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது, பீடத்தில் இருக்கவேண்டாமா?

தாமதம் சொல்லும் செய்தி

இந்தத் துடிப்பு எப்படி மெல்லிய வாயுவைக் காட்டிக்கொடுக்கிறது? வேளாங்கண்ணிக்கு நடைப்பயணமாகச் செல்லும் ஒரு குழுவை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். தார்ச்சாலையில் எல்லாரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் மணற்பரப்பு வருகிறது. வலுவான கால் உடையவர்கள் சற்றுதான் பின்தங்குகிறார்கள்; மற்றவர்கள் மிகவும் பின்தங்குகிறார்கள். ஆலய வாசலில் நிற்கும் ஒருவர், முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தாலே போதும். அவர்கள் எவ்வளவு மணலைக் கடந்து வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். மணலை அவர் பார்த்திருக்க வேண்டியதே இல்லை.

வானொலி அலைகளும் அப்படியே. வெற்றிடத்தில் எல்லா அலைகளும் ஒரே வேகத்தில் செல்லும். ஆனால் அணுக்களிலிருந்து பிரிந்து தனித்துத் திரியும் எலக்ட்ரான்கள் வழியில் இருந்தால், குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் அதிகம் தாமதமாகும். உயர்ந்த அதிர்வெண் கொண்டவை குறைவாகத் தாமதமாகும். லோரிமர் கண்ட துடிப்பில், தொலைநோக்கி கேட்ட அலைவரிசையின் மேல்முனை வந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்தே கீழ்முனை வந்தது. நம் பால்வெளி மண்டலத்தின் எலக்ட்ரான்களால் அந்தத் தாமதத்தில் ஒரு சிறு பங்கை மட்டுமே விளக்க முடிந்தது. மீதி, மண்டலங்களுக்கு அப்பாலிருந்து வந்த கணக்கு!

விண்மீன் மண்டலங்களுக்கு இடையே உள்ள வாயு பெரும்பாலும் ஹைட்ரஜன். அதுவும் எலக்ட்ரானைப் பிரிந்த நிலையில் உள்ள ஹைட்ரஜன். எனவே எலக்ட்ரான்களை எண்ணினால் பொருளையே எண்ணியதாகும். பழைய முறைகளில் ஆக்சிஜன் போன்ற சில தனிமங்களின் அடையாளத்தையோ, மிகச் சூடான வாயுவின் எக்ஸ் கதிர்களையோ தேடவேண்டியிருந்தது. அவ்வழிகளிலும் சில சான்றுகள் கிடைத்தன. ஆனால் அதிவேக வானொலி வெடிப்பு பாரபட்சம் காட்டுவதில்லை. வாயு சூடாக இருந்தாலும், ஆறிப்போயிருந்தாலும், வழியில் நின்ற ஒவ்வொரு தனி எலக்ட்ரானும் அதன் தாமதத்தில் தன் பங்கைச் சேர்த்துவிடுகிறது.

மண்டலங்களைச் சூழ்ந்த வாயு

ஒரு விண்மீன் மண்டலத்தைப் படத்தில் பார்க்கும்போது ஒளிரும் சுருள்தட்டையே காண்கிறோம். ஆனால் அந்தத் தட்டைச் சுற்றி, அதைவிடப் பன்மடங்கு பெரிதாக, ஒளிராத ஒரு வாயு உறை இருக்கிறது. நம் பால்வெளி மண்டலத்தைச் சுற்றி இத்தகைய சூடான உறை இருக்கவேண்டும் என்று லைமன் ஸ்பிட்சர் என்ற அறிவியலாளர் 1956ஆம் ஆண்டிலேயே எழுதினார். நம் அண்டை மண்டலமாகிய ஆண்ட்ரோமெடாவைச் சூழ்ந்த உறை ஏறத்தாழ 13 இலட்சம் ஒளியாண்டு தொலைவுவரை பரவியுள்ளது என்று, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் உதவியோடு 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த உறை வெறும் மிச்சம்மீதி அல்ல. மண்டலம் உயிரோடிருக்க இது வேண்டும். புதிய விண்மீன்கள் பிறப்பதற்கான வாயு இதிலிருந்து உள்ளே இறங்குகிறது. வெடித்துச் சிதறும் விண்மீன்களும், நடுவிலுள்ள கருந்துளையும் வாயுவை மீண்டும் வெளியே தள்ளுகின்றன. மண்டலம் மூச்சை இழுத்து விடுவதுபோல இது நடக்கிறது எனலாம். வெளியிலிருந்து வாயு வராமல் போனால், புதிய விண்மீன்கள் பிறப்பது நாளடைவில் நின்றுபோகும். நம் சூரியனும், நாம் நிற்கும் இந்த மண்ணும் அப்படி உள்ளே வந்த பொருளிலிருந்து உருவானவையே.

2018ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் 36 கிண்ணங்களைக் கொண்ட ஆஸ்காப் தொலைநோக்கி ஒரு வெடிப்பைப் பிடித்தது. அது வந்த வழியில் வேறொரு பெரிய விண்மீன் மண்டலம் இருந்தது. அந்த மண்டலத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 95 ஆயிரம் ஒளியாண்டு தள்ளி, அதன் வாயு உறையை ஊடுருவிக்கொண்டு அந்தத் துடிப்பு வந்திருக்கிறது. உறையில் வாயு அடர்ந்து கொந்தளித்துக்கொண்டிருந்தால் துடிப்பு சிதறிக் கலங்கியிருக்க வேண்டும். ஆனால் 40 மைக்ரோ நொடிக்கும் குறைவான கூர்மையோடு அது வந்து சேர்ந்தது! உறை எதிர்பார்த்ததைவிட அமைதியாகவும், அடர்த்தி குறைந்ததாகவும், காந்தப்புலம் மிகக் குறைந்ததாகவும் இருப்பதாக 2019ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பின்னர் 2022ஆம் ஆண்டில், கனடாவின் சைம் தொலைநோக்கி பிடித்த வெடிப்புகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வும் வெளிவந்தது. அருகிலுள்ள மண்டலங்களின் உறைகள் வழியாக வந்த துடிப்புகள் மற்றவற்றைவிட அதிகம் தாமதமாவதை அது காட்டியது.

கணக்கு நேரானது

தாமதத்தை மட்டும் வைத்து முழுக் கணக்கும் போட முடியாது. துடிப்பு எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்றும் தெரியவேண்டும். அதற்கு, அது எந்த மண்டலத்தில் பிறந்தது என்று துல்லியமாகக் கண்டறிய வேண்டும். 2017ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு வெடிப்பின் பிறப்பிடம் ஒரு சிறிய மண்டலம் என்று கண்டறியப்பட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், ழான்-பியர் மக்கார் என்பவரின் தலைமையில், பிறப்பிடம் தெரிந்த ஒருசில வெடிப்புகளை மட்டுமே வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தொலைவு கூடக்கூடத் தாமதமும் கூடியது. காணாமற்போன பொருள் இருக்கவேண்டிய அளவில் இருக்கிறது என்று அக்கணக்கு காட்டியது. அடுத்த மாதமே மக்கார் இறந்துபோனார். தொலைவையும் தாமதத்தையும் இணைக்கும் அந்த உறவு இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இன்னும் விரிவான ஆய்வு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள டி.எஸ்.ஏ.-110 தொலைநோக்கியும் மற்றவையும் பிடித்த, பிறப்பிடம் தெரிந்த 69 வெடிப்புகளை லியாம் கானரும் விக்ரம் ரவியும் அவர்களோடு உழைத்தவர்களும் ஆராய்ந்தார்கள். அவற்றுள் மிகத் தொலைவானது 910 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்தது. முடிவு இதுதான்: சாதாரணப் பொருளில் ஏறத்தாழ 76 விழுக்காடு மண்டலங்களுக்கு இடையேயுள்ள வெளியில் இருக்கிறது. ஏறத்தாழ 15 விழுக்காடு மண்டலங்களைச் சூழ்ந்த உறைகளில் இருக்கிறது. எஞ்சிய சிறு பங்கே விண்மீன்களாகவும் குளிர்ந்த வாயுவாகவும் மண்டலங்களுக்குள் இருக்கிறது. நாம் இரவில் அண்ணாந்து பார்த்து வியக்கும் ஒளியெல்லாம் அந்தச் சிறு பங்கில் அடங்கியது!

லெமேத்ர் அடிகளாரின் கவலை

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். கண்டுபிடித்துவிட்டார்கள், அப்படியானால் கடவுள் எங்கே நிற்கிறார்?

இத்தகைய கேள்வி திரு அவைக்குப் புதிதல்ல. அண்டம் விரிவடைகிறது என்று 1927ஆம் ஆண்டில் எழுதியவர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய ஜார்ஜ் லெமேத்ர் அடிகளார். 1931ஆம் ஆண்டில், அண்டம் அனைத்தும் ஒரு தொடக்க அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். பின்னாளில் பெருவெடிப்புக் கொள்கை என்று வளர்ந்தது இதுவே. 1951ஆம் ஆண்டு நவம்பரில், திருத்தந்தை 12ஆம் பயஸ் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், இந்த அறிவியல் முடிவுகள் படைப்பைப் பற்றிய நம் விசுவாசத்துக்குத் துணைநிற்பதாக மகிழ்ந்து பேசினார். இதைக் கேட்டு முதலில் மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்ர் அடிகளார்தானே? ஆனால் அவர் கவலைப்பட்டார். தம் கொள்கை அறிவியல் கொள்கை. அது நாளை மாறலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டக்கூடாது என்பதே அவருடைய நிலைப்பாடு. குருவாகவும் அறிவியலாளராகவும் இருந்ததால் இரண்டுக்கும் உரிய மதிப்பை அவர் கொடுத்தார்.

புனித அகுஸ்தினாரும் தொடக்கநூலுக்கு எழுதிய விளக்கவுரையில் இதையே எச்சரித்திருக்கிறார். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி நன்கு அறிந்த பிற சமயத்தார் முன்னிலையில், கிறிஸ்தவர் ஒருவர் விவிலியத்தின் பெயரால் தவறாகப் பேசினால், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்பது அவருடைய ஆதங்கம். நம் இளைஞர்களின் நிலையும் அதுவே. வாட்ஸ்அப்பில் வரும் 'அறிவியலே வியந்த அற்புதம்' போன்ற செய்திகளை ஆராயாமல் பீடத்திலிருந்து சொன்னால், வீட்டுக்குப் போகும் முன்னே அவர்கள் அலைபேசியில் சரிபார்த்துவிடுகிறார்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்றவற்றையும் ஐயுறுகிறார்கள். இதில் குற்றம் அவர்களுடையதா, நம்முடையதா?

நாம் செய்த தவறு எங்கே இருக்கிறது என்று இப்போது தெளிவாகிறது. அறிவு முடியும் இடத்தில் கடவுளை நிறுத்தினோம். அப்படி நிறுத்தினால் அறிவு ஓர் அடி முன்னேறும்போது அவர் ஓர் அடி பின்வாங்க வேண்டியிருக்கும். நம் விசுவாசம் சொல்லும் கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர். காண்பவை, காணாதவை அனைத்தும் கிறிஸ்துவில் நிலைபெற்றுள்ளன என்பதே கொலோசையர் திருமுகத்தின் முதல் அதிகாரம் கற்பிப்பது. தெரிந்ததும் அவருடையது, தெரியாததும் அவருடையது. புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தபடி, இறைவன் முதற்காரணர். படைப்புப் பொருள்கள் தமக்கே உரிய இயல்போடு செயல்படும் காரணங்கள். எலக்ட்ரான் அலையைத் தாமதப்படுத்துவது அதன் இயல்பு. அந்த இயல்பையும் இருப்பையும் அதற்கு அருளியவர் இறைவன். படைப்புப் பொருள்களுக்குத் தமக்கே உரிய ஒழுங்கும் விதிகளும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 'இன்றைய உலகில் திரு அவை' என்னும் ஏட்டின் 36ஆம் எண்ணில் கூறியுள்ளது குறிப்பிடத்தக்கது.

இதனால்தான் திரு அவை வானியலுக்கு அஞ்சவில்லை. வத்திக்கான் வானாய்வுக்கூடத்தை 1891ஆம் ஆண்டில் திருத்தந்தை 13ஆம் லியோ புதுப்பித்து நிறுவினார். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் இந்தியாவைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ரிச்சர்ட் டிசோசா. விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதி இணைவதை ஆராய்பவர் அவர்.

நாணயம் வீட்டிலேயே இருந்தது

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் உவமை நம் நினைவுக்கு வருகிறது. பத்து நாணயங்களில் ஒன்றைத் தொலைத்த பெண், விளக்கேற்றி, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறார். கிடைத்ததும் அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்கிறார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாணயம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அது வீட்டிலேயேதான் இருந்தது. விளக்குதான் வேண்டியிருந்தது.

அண்டத்தின் காணாமற்போன பொருளும் அப்படியே வீட்டுக்குள் இருந்தது. கண நேரம் ஒளிர்ந்து மறையும் வானொலித் துடிப்பு விளக்காயிற்று. மனிதருக்கு இறைவன் அருளிய அறிவும் பொறுமையும் துடைப்பமாயின. நாணயம் கிடைக்கும்போது வருந்துகிறவர், அது தொலைந்திருப்பதில் ஆதாயம் கண்டவராகத்தான் இருக்கவேண்டும். நாம் அப்படி இருக்கலாமா?

அடுத்த இளைஞர் கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் இவற்றைச் சொன்னோம். "நாங்க அன்னைக்குச் சொன்னது தப்பு தம்பி. கடவுள் அந்த ஓட்டைக்குள்ள இல்ல. ஓட்டையே இல்லாட்டியும் அவர் இருக்கிறார்" என்றோம். அவன் உடனே ஒத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. "இன்னும் யோசிக்கணும் ஃபாதர்" என்றான். அது நேர்மையான பதில். அவன் தொடர்ந்து யோசிக்கட்டும், நாமும் யோசிப்போம்.

அதற்கு அடுத்த ஞாயிறு, மறையுரையின் தொடக்கத்தில் நம் பழைய கருத்தைத் திருத்திச் சொன்னோம். திருப்பலி முடிந்ததும் அதே பெரியவர் வந்தார். ஏமாற்றம் அடைந்திருப்பாரோ என்று தயங்கினோம். அவர் சொன்னது இதுதான்: "தொலைஞ்சது கிடைச்சா நல்லதுதானே சாமி."

ஆம், நல்லதுதான்.

இறைவா, நாங்கள் அறிந்தவற்றிலும் அறியாதவற்றிலும் நீரே இருக்கிறீர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும், தவறியதைத் தவறு என்று ஏற்கும் மனத்தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். உமது படைப்பை ஆராயும் அனைவரின் உழைப்பையும் ஆசீர்வதியும். கேள்வி கேட்கும் எம் இளைஞர்களை உமது அன்பில் காத்தருளும். ஆமென்.